மதிலிலை நிண்டவர்

சொந்த வீட்டு வாசலிலை, கதவு திறந்து கிடக்க, உள்ளை காலெடுத்து வைக்க ஏலாமல் நிண்டிருக்கிறியளோ? நான் நிண்டனான். வெறியிலை இல்லை. மனுசியோடை சண்டை பிடிச்சும் இல்லை. உள்ளை லைற் எரியுது, அடுப்பிலை பால் பொங்குற மணம் வருது, என்ரை பிள்ளை அழுற சத்தம் கேக்குது. கால் மட்டும் போகேல்லை. இதைச் சொன்னா எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாக்கினம். பாத்தாப் பாக்கட்டும். நடந்தது எனக்கு.

என்ரை பேர் றமணன். பிரான்ஸிலை கொஞ்சக் காலம் கோப்பை கழுவி, அங்கை சரிவராமல் லண்டனுக்கு வந்து, கடைசியா டவர் ஹில் ஸ்டேசனடியிலை ஒரு ஒபீஸ் கட்டிடத்துக்குச் செக்கூரிற்றியா நிண்டனான். பகல் ஷிப்ட். மனுசி பேர் கௌசி. ஈஸ்ட் ஹாமிலை, ஹை ஸ்றீற்றுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு. எனக்கு முற்கோபம். அதை நீங்கள் ஆரையும் விசாரிக்கத் தேவையில்லை, நானே சொல்லுறன்.

அந்தக் கட்டிடத்தின்ரை பின் முத்தத்திலை ஒரு மதில் நிக்குது. எங்கடை வளவு மதிலை நினைக்காதேங்கோ. இது மூண்டு மாடி உயரம். அடிப் பாகம் ரோமர் கட்டினது, கல்லுக்கு இடையிலை சிவப்பு ஓடு வரி வரியா ஓடும். மேல் பாகம் அதுக்கு ஆயிரம் வருசம் பிந்தி, இங்கிலாந்து ராசாக்கள் காலத்து ஆக்கள் உயத்திக் கட்டினது. முந்தி இந்த மதில் லண்டனைச் சுத்தி நிண்டதாம். இப்ப அங்கை ஒரு துண்டு, இஞ்சை ஒரு துண்டு, ஹோட்டலுக்கும் ஒபீசுக்கும் இடையிலை கிடக்கு. எங்கடை துண்டிலை மேலை அம்பு விடுறதுக்கு எண்டு விட்ட நீட்டு ஓட்டையள் இருக்கு. அதுக்குக் கீழை சுவரிலை ஒரு வரி தெரியும். காவல்காரர் நடந்து திரிஞ்ச தட்டு இருந்த இடமாம். இப்ப தட்டும் இல்லை, ஏறுறதுக்குப் படியும் இல்லை.

வெளிநாட்டுச் சனம் வந்து மதிலுக்கு முன்னாலை நிண்டுகொண்டே மதில் எங்கை எண்டு என்னட்டைக் கேக்கும். ஒபீஸ் பெடியள் அதிலை முதுகைச் சாச்சுக்கொண்டு சிகரெட் பத்துவினம். எனக்கு அந்த மதிலாலை வந்தது முழுக்கத் தொல்லையும் அரியண்டமும்தான். ஆனா ஒரு விசயம் முதல் கிழமையே எனக்குப் பிடிபட்டுப் போச்சு. அங்கை நான் தனிய நிக்கேல்லை.

நான் முத்தத்திலை இந்தப் பக்கம் நடந்தா, மேலை ஆரோ மற்றப் பக்கம் நடப்பினம். தட்டே இல்லாத இடத்திலை பலகைச் சத்தம். மூலை மட்டும் போகும், நிக்கும், திரும்பும். பக்கத்துக் கூரை முழுக்கப் புறா இருக்கும், நடு ஓட்டையிலை மட்டும் ஒரு புறா இருந்து நான் காணேல்லை. நல்ல வெயில் நாளிலையும் அந்த இடத்தாலை போனா நனைஞ்ச கம்பளி மணக்கும். பேய்ப் படம் பாத்துப் பழகின உங்களுக்கு இது பெரிய விசயம் இல்லை. ஆனா காவல் வேலை செய்யிறவனுக்கு இன்னொரு காவல்காரன் பக்கத்திலை நிக்கிறது தெரியும். எப்பிடி எண்டு கேட்டாச் சொல்லத் தெரியாது.

என்னோடை மாறி மாறி நிக்கிறவன் றெஜினோல்ட். பாசையூர்ப் பெடியன், இப்ப வால்தம்ஸ்டோவிலை இருக்கிறான். அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கு. "மச்சான், உன்ரை பார்ட்னர் இண்டைக்கு நல்லா நடக்கிறார், சம்பளம் கூட்டிப்போட்டாங்கள் போலை" எண்டு பம்பல் அடிப்பான். நானும் பகிடிக்கு மேலை பாத்து, "டேய், நித்திரை கொள்ளாதை" எண்டு கத்துவன். அப்பிடிச் சொல்லிச் சொல்லிப் பயம் விட்டுப்போச்சு. அது நல்லதில்லை எண்டு பிறகுதான் விளங்கினது.

எங்கடை வேலையிலை ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தனுக்கு அவசரம் எண்டா மற்றவன் ஷிப்ட் மாத்துவான். கம்பெனிக்கு அறிவிக்கிறது கிறிவிக்கிறது ஒண்டும் இல்லை. "நீ போ மச்சான், நான் நிக்கிறன்" எண்ட சொல்லுத்தான். றெஜியின்ரை மனுசி கிளறிற்றாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டேக்கை நான் அவனுக்காக நிண்டனான். என்ரை காரை ஒருத்தன் இடிச்ச நேரம் அவன் எனக்காக நிண்டவன். மாத்தினா மாத்தினதுதான், போனவன் திரும்பி வருமட்டும் நிக்கிறவன் இடத்தை விடக்கூடாது. விட்டவனோடை பிறகு ஒருத்தரும் மாத்தமாட்டினம்.

கௌசிக்கு அதுக்கு முதல் ரெண்டு பிள்ளை வயித்திலையே அழிஞ்சது. அதைப் பற்றிக் கனக்கக் கதைக்க எனக்கு இப்பவும் ஏலாது. மூண்டாவது தங்கி ஏழாம் மாசம் ஓடுது. நாங்கள் ஆருக்கும் வாய் திறக்கேல்லை, ஒரு சட்டை கூட வாங்கேல்லை, அவ்வளவு பயம். ஒரு நாள் மத்தியானம் போன் அடிச்சுது. கௌசி. "இஞ்சரப்பா, ரத்தம் போகுது. அம்புலன்சிலை ஏத்திட்டினம். இப்பவே வெட்டி எடுக்கப் போகினமாம். நீங்கள் ஓடி வராதேங்கோ, வந்தாலும் உள்ளை விடமாட்டினமாம்" எண்டாள். குரல் நடுங்குது, ஆனா அழேல்லை. அவள் அழாமல் கதைச்சதுதான் எனக்கு நெஞ்சைப் பிழிஞ்சது.

மனேச்சருக்கு அடிச்சன். ஆளை அனுப்புறன், வருமட்டும் நில் எண்டான். றெஜி அண்டைக்குக் கலியாண வீடு எண்டு லீவு. என்ரை வாயிலை வந்த தூசணம் முழுக்கச் சொல்லிப்போட்டு முத்தத்துக்குப் போனன். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கோயிலுக்கு நேத்தி வைக்கக்கூடப் பயம், முதல் ரெண்டு தரமும் நேந்து நடந்தது தெரியும்தானே. மேலை பலகைச் சத்தம் கேக்குது. ஒண்டும் நடக்காத மாதிரி அந்தாள் நடந்துகொண்டு திரியிறார். எனக்கு வந்துதே கோபம்!

மதிலிலை கையாலை அறைஞ்சு கத்தினன். "டேய், இஞ்சை ஆருக்கடா காவல் நிக்கிறாய்? சிகரெட் பத்துறவங்களுக்கோ? போடா, என்ரை மனுசியட்டைப் போ. பிள்ளையட்டைப் போ. ஒருத்தரையும் அதுகளைக் கொண்டுபோக விடாதை. கிட்ட ஒருத்தரையும் விடாதை. நீ அங்கை போய் நில், நான் உனக்கு இஞ்சை நிக்கிறன்."

பலகைச் சத்தம் நிண்டுது. கம்பளி மணம் என்ரை மூஞ்சைக்குக் கிட்ட வந்து, என்னைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான். முத்தத்திலை ஒரு சத்தமும் இல்லை. இங்கிலீசுக்காரப் பேய்க்கு எப்பிடித் தமிழ் விளங்கினது எண்டு நீங்கள் கேப்பியள். றெஜியும் கேட்டவன். விளங்காமல் இருந்திருந்தா நான் இண்டைக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பதில் ஆள் வந்துது, நான் ஓடினன். நிக்கிறன் எண்டு சொன்ன இடத்தை விட்டிட்டு ஓடினன் எண்டது அந்த நேரம் யோசனையிலையே வரேல்லை. ஆருக்கு வரும்?

பிள்ளை உயிரோடை இருந்தது. பொம்பிளைப் பிள்ளை. என்ரை உள்ளங்கையிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை குழாயளோடை கிடந்தாள். நான் அந்தக் கண்ணாடியிலை நெத்தியை வைச்சுக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதன். கௌசி மயக்கம் தெளிஞ்சு முதல் என்னட்டைக் கேட்டது இதுதான்: "ஏனப்பா முழு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்கள்? ஒருக்காலாவது திரும்பி என்னைப் பாத்திருக்கலாம்தானே?"

"நான் இப்பத்தானே வாறன்" எண்டன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. என்ரை கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவிலை நிண்டனீங்கள். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பேல்லை."

மயக்க மருந்து எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஆனா நிண்டது ஆர் எண்டு எனக்குப் பிடிபட்டுப் போச்சு. காவல் நிக்கிறவன் தான் காக்கிற ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான். வாசலைத்தான் பாப்பான். அடுத்த நாள் ஒரு நேர்ஸும் கேட்டா, உங்கடை தமையனுக்கு ஒரு கதிரை போட்டும் ஏன் இருக்கேல்லை எண்டு. எனக்குத் தமையன் இல்லை.

அப்ப எனக்குப் பயம் வரேல்லை, உண்மையைச் சொல்லுறன். சந்தோசமா இருந்தது. பிள்ளைக்கு மூச்சு நிண்டு போன ரெண்டு மூண்டு தரமும், பெல் அடிக்க முன்னம் ஆரோ கூப்பிட்ட மாதிரி நேர்ஸ் ஓடி வந்திருக்கிறா. நிக்கட்டும், நல்லா நிக்கட்டும் எண்டு மனசுக்குள்ளை சொன்னன். ஒரு நன்றி கூடச் சொல்லேல்லை. சொன்னதெல்லாம் டேய், போடா, நில்லடா.

மெல்ல மெல்லப் பிள்ளை தேறி வீட்டை வந்தாள். பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவு தள்ளிப் போனபடியால் வந்த கையோடை செய்வம் எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சனத்துக்குச் சொன்னம். கௌசி வடையும் பாயாசமும் செய்து வைச்சவள். பிள்ளை வந்ததிலை இருந்து நான் லீவு போட்டு, வெளியிலை காலெடுத்து வைக்காமல் வீட்டுக்குள்ளையே நிண்டு கூட்டித் துடைச்சன். முதல் ஐயர் வந்தார். ஜன்னலாலை பாக்கிறன், கேற்றடியிலை நிண்டு போனைப் பாத்தார், பஞ்சாங்கத்தைப் பாத்தார், திரும்பிப் போயிட்டார். பிறகு கௌசியின்ரை சினேகிதி ஜெகதீஸ்வரி, பெரிய பொம்மைப் பெட்டியோடை. கேற்றைத் திறந்தவ, திறந்தபடியே நிண்டா. பெட்டியை நிலத்திலை வைச்சா. "எனக்கு உள்ளை வர ஒரு மாதிரிக் கிடக்கு கௌசி, பிறகொரு நாள் வாறன்" எண்டு வாசலிலை நிண்டு கத்திச் சொல்லிப்போட்டுக் காரிலை ஏறினா. றெஜியும் கிளறிற்றாவும் றோட்டிலையே நிக்கினம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிப் போச்சு. என்ரை பிள்ளையைப் பாக்க வந்தவை கேற்றடியிலை நிண்டு திரும்பிப் போறதோ? வெளியிலை இறங்கிப் போய் றெஜியின்ரை கையைப் பிடிச்சு இழுத்தன். "என்னடா, எங்கடை வீட்டிலை அம்மை போட்டிருக்கோ? உள்ளை வாடா!"

அவன் முகம் வெளிறிப் போச்சு. "மச்சான், கதவடியிலை ஆரோ நிக்கினம்" எண்டான்.

"ஒருத்தரும் இல்லை, விசரா" எண்டு சொல்லிப்போட்டு நானே திரும்பி உள்ளை போகப் பாத்தன். அப்பதான் என்ரை நெஞ்சுக்குக் குறுக்கை ஒரு தடி வந்து நிண்டுது. கண்ணுக்குத் தெரியேல்லை. ஆனா தடிதான், உருண்டைத் தடி, நல்ல பாரம். தள்ளிப் பாத்தன். அது ஒரு நூல் அசையேல்லை. நனைஞ்ச கம்பளி மணம். உள்ளை கௌசி பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு, ஏன் வராமல் நிக்கிறியள் எண்டு என்னைப் பாக்கிறாள். பின் கதவாலை போய்ப் பாத்தன், அங்கையும் அதுதான். ஜன்னலாலை ஏறப் போக, பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிக்கப் பாத்தான்.

அண்டையிலை இருந்து நான் றெஜி வீட்டுச் சோபாவிலை படுத்தன். கௌசி முதல் நம்பேல்லை. "பிள்ளை அழுறது உங்களுக்கு நித்திரைக்கு இடைஞ்சல், அதுதான் சாட்டுச் சொல்லுறியள்" எண்டு போனிலை ஏசினாள். "பிள்ளை வேணும் வேணும் எண்டு நிண்டது நீங்கள். இப்ப நான் தனிய." அந்தச் சொல் என்னை அறுத்துப்போட்டுது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னமும் வந்த பிறகும் போய்க் கேற்றடியிலை நிப்பன். சாமான் பையை வாசலிலை வைப்பன், அவள் கையை நீட்டி எடுப்பாள். பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டு வந்து காட்டுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையாட்டுவன். என்ரை பிள்ளைக்கு என்ரை மணமே தெரியாமல் போகப்போகுது எண்டு நினைச்சு நான் காருக்குள்ளை இருந்து அழுத நாளும் இருக்கு.

பிறகு ஒரு நாள் அவளே போன் அடிச்சாள். குரல் மாறிக் கிடந்தது. "இஞ்சரப்பா, நீங்கள் சொன்னது உண்மைதான். அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை நிண்ட ஆள், வீட்டு ஹோலுக்குள்ளை நிக்குது. முதுகுதான் தெரியுது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வரப் பாத்தன். என்னையும் விடுகுதில்லை."

குறைமாசப் பிள்ளையளுக்குக் கண்ணைக் கட்டாயம் பாக்கோணும், பிந்தினாப் பார்வை போகக்கூடும் எண்டு டொக்டர் அடிச்சுச் சொல்லி விட்டவர். அந்தக் கிழமைதான் கண் காட்டுற தவணை. வீட்டுக்கு வந்த நேர்ஸும் கேற்றோடை திரும்பிப் போயிட்டா. அப்பதான் எனக்கு உண்மையான பயம் பிடிச்சது. ஒருத்தரையும் கொண்டுபோக விடாதை எண்டு சொன்னது நான். அந்த மனுசன் சொன்ன சொல்லிலை நிக்கிறார். ஆசுப்பத்திரி ஆக்களை அந்த இடத்து ஆக்கள் எண்டு விட்டவர், வீட்டிலை வெளியாலை வாற எல்லாரையும் மறிக்கிறார். காவல் எண்டா எங்கடை பாசையிலை காக்கிறதும் காவல்தான், பிடிச்சு அடைச்சு வைக்கிறதும் காவல்தான். அதை ஊரிலை ஆமிக்காரன்ரை சென்றிப் பொயின்றுக்கு முன்னாலை அடையாள அட்டையோடை நிண்டு படிச்சவன் நான். படிச்சும் என்ன பிரயோசனம்?

மதிலுக்கு ஓடினன். மத்தியானம், முத்தம் முழுக்கச் சனம். நடு ஓட்டையிலை ரெண்டு புறா வசதியா இருக்குதுகள். மேலை ஒரு சத்தமும் இல்லை. "வாங்கோ, திரும்பி வாங்கோ, நான் வந்திட்டன், உங்கடை இடத்தைப் பாருங்கோ" எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுக் கத்தினன். ஒரு ஜப்பான்காரி என்னைப் படம் எடுத்தாள். அங்கை கேக்கிறதுக்கு ஆள் இல்லை. ஆள் என்ரை வீட்டிலை.

றெஜிதான் யோசிச்சுச் சொன்னான். "மச்சான், நீ அவனை இஞ்சை தேடி என்ன செய்யிறது? ஷிப்ட் முடிஞ்சுது எண்டு ஆரும் சொல்லாமல் அவன் போகமாட்டான். நீ சொன்னாலும் கேக்கமாட்டான். நீ நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு இடத்தை விட்டவன். ஆருக்காக நிக்கிறானோ அவை சொன்னாத்தான் கேப்பான். கௌசி சொல்லட்டும்."

விசர்க் கதை மாதிரித்தான் இருந்தது. ஆனா வேறை ஒரு வழியும் தெரியேல்லை. தவணைக்கு முதல் நாள் பின்னேரம், கேற்றடியிலை நிண்டுகொண்டு கௌசிக்குப் போன் அடிச்சன். ஜன்னலுக்குள்ளாலை அவளைத் தெரியுது, அவளுக்கு என்னைத் தெரியுது.

"கௌசி, அந்தாளைப் போகச் சொல்லு. நீ சொன்னாத்தான் போவார்."

"என்னெண்டு சொல்லுறது? எனக்குப் பயமாக் கிடக்கு."

"பயப்பிடாதை. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு தீங்கும் செய்யேல்லைத்தானே."

"அதுதான் சொல்லுறன். பிள்ளையைக் காப்பாத்தித் தந்த மனுசன். நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கச் சொல்லுறியளோ?"

"மரியாதையாச் சொல்லு. எப்பிடியெண்டாலும் சொல்லு. நாளைக்குப் பிள்ளையின்ரை கண்."

போனை மேசையிலை வைச்சிட்டாள். பிள்ளையைத் தோளிலை சாத்திக்கொண்டு ஹோல் பக்கம் போறது தெரிஞ்சுது. அங்காலை என்ன கதைச்சாள் எண்டு எனக்குக் கேக்கேல்லை. றோட்டிலை பஸ் போகுது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு போகுதுகள். நான் கேற்றுக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு தெரிஞ்ச தெய்வத்தின்ரை பேர் முழுக்கச் சொன்னன். அப்ப முன் கதவு தானாத் திறந்தது. கம்பளி மணம். படியாலை இறங்கி, என்ரை தோளோடை உரசிக்கொண்டு, ஸ்டேசன் பக்கம் போச்சு. சிப்ஸ் சாப்பிட்ட பிள்ளையள் ஒண்டும் விளங்காமலே ரெண்டு பக்கமும் விலகி வழி விட்டதுகள்.

நான் ஓடினன். கதவைத் தாண்டினது கூடத் தெரியாது. ஹோலுக்குள்ளை கௌசியையும் பிள்ளையையும் சேத்துக் கட்டிப் பிடிச்சன். பிள்ளை என்ரை தாடி குத்தி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பக்கத்து வீட்டுக்காரன் திரும்பவும் எட்டிப் பாத்தான்.

அடுத்த நாள் கண் காட்டினம். வடிவாக் கிடக்கு, ஒரு குறையும் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். வாற வழியிலை ஹை ஸ்றீற்றிலை இறங்கி, கொத்து றொட்டியும் பிள்ளைக்கு முதல் முதலாக் கடையிலை ஒரு சட்டையும் வாங்கினம். வீட்டு வாசலிலை நான் வேணுமெண்டு ரெண்டு தரம் உள்ளை போய் வெளியிலை வந்து காட்டினன். கௌசி விழுந்து விழுந்து சிரிச்சாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் சிரிச்சதைப் பாக்கிறன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை பம்பலாத்தான் கேட்டன். "அது சரி, அந்தாளை என்ன சொல்லியடி அனுப்பினனீ? ஒரே சொல்லிலை கிளம்பிட்டார்."

"உங்களை மாதிரி வாய்க்கு வந்தபடி சொல்லுவனோ?" எண்டாள். பிள்ளைக்குச் சட்டையை அளவு பாத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமித்தவும் இல்லை. "பெரிய உதவி அண்ணை, சாகுமட்டும் மறக்கமாட்டம், இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டன். போயிட்டு வாங்கோ எண்டு சொல்லி விட்டன்."

நான் கொத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சன்.

வேறை என்னத்தைச் சொல்லுவாள்? எங்கடை வீடுகளிலை வாசலாலை இறங்கிற ஆளைப் 'போ' எண்டு ஆர் சொன்னது? செத்த வீட்டிலைதான் சொல்லாமல் போறது. கடன்காரன் எண்டாலும், கண்ணிலை காட்டக்கூடாதவன் எண்டாலும், போயிட்டு வாங்கோ எண்டுதான் வாய் சொல்லும். சொல்லுறவனும் அதை நினைச்சுச் சொல்லுறதில்லை, கேக்கிறவனும் அதை நினைச்சுக் கேக்கிறதில்லை. நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். ஆனா இது நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொன்னபடியே எடுத்துக்கொண்டு வந்து நிண்ட ஆள்.

"ஏனப்பா முகம் இப்பிடிப் போச்சு? பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை. அவர் என்ன செய்தவர்?"

"முதல் முதலா என்ரை பக்கம் திரும்பினவர். முகம் வடிவாத் தெரியேல்லை. ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டுத்தான் போனவர்."

நான் கை கழுவேல்லை. மேலை ஏறிப் போய் சூட்கேசை இறக்கி, கைக்கு வந்த உடுப்பு முழுக்க அள்ளிப் போட்டன். பிள்ளையின்ரை பால் டின், மருந்து, ரெண்டு போர்வை. கௌசி பின்னாலை வந்து நிண்டு, "எங்கையப்பா போறம்? இஞ்சரப்பா, உங்களைத்தான், எங்கை போறம்?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சூட்கேசைப் பூட்டினன். அந்த வீட்டுக்குள்ளை நிண்டு ஒரு ஊரின்ரை பேரைச் சொல்ல எனக்குப் பயமா இருந்தது.

அந்த மனுசன் கெட்டவர் இல்லை. என்ரை பிள்ளை இண்டைக்கு ஓடித் திரியிறாள் எண்டா அவராலைதான், அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு. ஆனா இப்ப எங்கை இருக்கிறம் எண்டு மட்டும் உங்களுக்கும் சொல்லமாட்டன். கோவிக்காதேங்கோ.